வெறும் வயிற்றில்

மந்திகை ஆஸ்பத்திரி. இரத்தம் எடுக்கிற அறை.
செவ்வாய்க்கிழமை, சீனி வருத்தக்காரரின் கிளினிக்.
நாற்பத்தேழாம் துண்டோடு வந்து கதிரையில் இருந்தார்
இளையதம்பி குலநாயகம், வயது எழுபத்தொன்று, துன்னாலை.
வழமையான கேள்வியைக் கேட்டேன்:
"விடிய ஒண்டும் சாப்பிடேல்லைத்தானே ஐயா?"
அவர் வாய் திறக்கவில்லை.
தலையை ஆட்டினார்.

ஒருமுறை நேராக. பிறகு
இடப்பக்கம் கொஞ்சம் சரித்து, மெல்ல, இன்னொருமுறை.

தொண்ணூற்றாறில் எனக்குப் பதினொரு வயது.
பள்ளிக்கூட மைதானத்தில் ஊரைக் குந்தவைத்திருந்தார்கள்.
ஜீப்புக்குள் ஒரு சாக்கு. சாக்கில் இரண்டு ஓட்டை.
ஓட்டைகளுக்கு முன்னால் வரிசை நகர்ந்தது.
அண்ணன் நிமலரூபன் போய் நின்றபோது
சாக்கு ஆடியது:
ஒருமுறை நேராக. பிறகு
இடப்பக்கம் கொஞ்சம் சரித்து.

முகம் இல்லை. குரல் இல்லை.
இருபத்தெட்டு வருசமாய் என்னிடம் உள்ள சாட்சி
ஒரு கழுத்தின் பழக்கம் மட்டும்.
எந்தக் கோட்டில் நின்று அதைச் சொல்வேன்?

பட்டியைக் கட்டினேன்.
முழங்கை மடிப்பில் நல்ல நரம்பு,
கண்ணை மூடிக்கொண்டும் எடுக்கலாம்.
பதினாறு வருட வேலை. சின்னப் பிள்ளைகள்கூட
இந்த மிஸ்தான் வேணும் என்று அழும் கை இது.
அந்தக் கை
நரம்புக்குப் பக்கத்தில் இறங்கியது.

தவறவில்லை. இறங்கியது.

உள்ளே வைத்து ஊசியை ஒரு நெல்லளவு திருப்பினேன்.
வெளியே எடுத்தேன். மறுபடி.
மூன்றாம் முறை, "பரவாயில்லை பிள்ளை,
என்ரை நரம்பு அப்பிடித்தான்" என்றார்.
மன்னிப்பை அவர்தான் தந்தார், எனக்கு.
அது இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

அன்று நெல்லியடிச் சந்தையில் விளைமீன் வாங்கினேன்.
பேரம் பேசவில்லை.
இரண்டு கோப்பை சோறு தின்றேன். நல்லாய் நித்திரை கொண்டேன்.
இதை ஒருவரும் சொல்லித் தருவதில்லை,
பழி முதலில் இனிக்கும் என்று.
பெரிதாய் இல்லை. தேத்தண்ணிக்குக் கடிக்கிற
பனங்கட்டித் துண்டளவு.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவருக்குத் தவணை.
எனக்கும் அதுதான்.
கலண்டரில் வட்டம் போடவில்லை, போட்டால் எழுத்தாகிவிடும்.
ஆனால் முதல்நாளே தலை முழுகுவேன்,
சீருடைக்குக் கஞ்சி போடுவேன்.
அவருடைய சீனி குறைந்திருந்தால் எனக்குச் சந்தோசம்.
நம்புங்கள். அவர் நெடுநாள் இருக்கவேண்டும்.
செத்துப்போனவரின் கையில் எங்கே குத்துவது?

ஒருநாள் பதிவு எழுதுகிற தர்சினி சொன்னாள்:
"பாவம் உந்த ஐயா, தொண்ணூற்றைஞ்சிலை வன்னிக்குப் போனவர்,
ரெண்டாயிரத்து மூண்டிலைதான் ஊருக்கு வந்தவையாம்."
காதில் விழுந்தது.
விழவில்லை என்று வைத்துக்கொண்டேன்.

மாசியில் அவர் வரவில்லை.
துண்டுகளை இரண்டுதரம் புரட்டினேன்.
வாசலை எத்தனைதரம் பார்த்தேன் என்று தெரியாது.
ஆரோ வீட்டுக்குள் புகுந்து
அடுப்பை மட்டும் தூக்கிக்கொண்டு போனதுபோல் இருந்தது.

அடுத்த துண்டு ஐம்பது. கபிஷா, வயது பதின்மூன்று.
வெள்ளைச் சட்டை, ரெட்டைப் பின்னல்.
"சாப்பிடேல்லைத்தானே அம்மா?"
பயத்தில் குரல் வராமல்
தலையை ஆட்டினாள்.

நேராக. பிறகு
கொஞ்சம் சரித்து.

எல்லாரும் இப்பிடித்தான் ஆட்டுவினமோ
என்று நான் யோசிக்க முதலே
கை இறங்கிவிட்டது.
நரம்புக்குப் பக்கத்தில். நெல்லளவு திருப்பி.

பிள்ளை கத்தவில்லை. தாய் என்னைப் பார்த்தாள்.
பஞ்சை வைத்து அழுத்திப் பிடித்தேன்.
ஒரு நிமிடம் பிடித்தால் போதும்.
வரிசையில் ஆரோ இருமினார்கள்.
ஐம்பத்தொன்று, ஐம்பத்தொன்று என்று வாசலில் கூப்பிடுகிறார்கள்.
நான் இன்னும்
பஞ்சை எடுக்கவில்லை.