பதினொரு மரத்துக்கு ரசீது

சாலை வளைவில் எங்கள் ஆறு பேரை விட்டுவிட்டு
பட்டாலியன் வடக்கே போயிற்று.
"நாலு மணி வரைக்கும்.
அப்புறம் அடுத்த வளைவுக்கு வந்துவிடுங்கள்."
லெப்டினன்ட் சொன்னது அவ்வளவுதான்.
ஜெயிக்கச் சொல்லவில்லை.

நார்வேயில் ஏப்ரல்.
பனி உருகிச் சாலை கூழாகக் கிடந்தது.
கொட்டிலில் கிடந்த ரம்பத்தை எடுத்துவந்து
ஆற்றோரத்து பிர்ச் மரங்களைச் சாலைக்குக் குறுக்கே சாய்த்தோம்.

மூன்றாவது மரம் விழும்போது
பண்ணைக்காரி வந்தாள்.
முழங்கைவரை மாவு.
யாரைக் கேட்டு வெட்டுகிறீர்கள்,
காற்றடித்தால் என் கூரைக்கு யார் பொறுப்பு என்றாள்.

கார்ப்பரல் எம்ப்ரிக், கப்பல் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தவன்,
முழங்காலில் நோட்டை வைத்து எழுதினான்:
'பிர்ச், பதினொன்று. ராணுவம் பெற்றுக்கொண்டது.'
தேதி போட்டான். மணி ஒன்று இருபது என்றும் போட்டான்.
கையெழுத்து புரியவில்லை என்றாள்.
மறுபடி, பள்ளிக்கூடத்துப் பையன் போல, ஒவ்வோர் எழுத்தாக.
போகிறபோது சொன்னாள்:
ரம்பத்தை இருந்த இடத்தில் வையுங்கள்.

முதலில் மோட்டார் சைக்கிள்கள்.
ஐந்து குண்டு சுட்டோம். பிறகு பேசாமல் கிடந்தோம்.
அவர்கள் இறங்கினார்கள், படுத்தார்கள்,
பைனாகுலரில் பார்த்தார்கள்.
நாங்கள் எத்தனை பேர் என்று அவர்கள் யோசிக்கிற நேரம்தான்
எங்களுக்குக் கூலி.
அதைக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள்,
மார்ட்டர் வந்து சேரும்வரை.

பயம் முன்னால் இல்லை.
முதுகில் இருந்தது.
சுடும்போதும் காது பின்பக்கமே திரும்பியிருக்கும்,
மலைச்சரிவில் யாராவது சுற்றி வருகிறார்களா என்று.
ஹால்வர் இரண்டு முறை எழுந்து ஓடப் பார்த்தான்.
இரண்டு முறையும் பூட்ஸ் கயிற்றைக் கட்டுவதுபோல் உட்கார்ந்துகொண்டான்.
நான் பார்க்காததுபோல் இருந்தேன்.

மூன்று ஐம்பதுக்கு இரண்டிரண்டு பேராகப் பின்வாங்கினோம்.
திறந்த வயல், முழங்கால்வரை ஈரப்பனி.
கடைசி ஜோடி நானும் ஹால்வரும்.
எம்ப்ரிக் மெஷின்கன்னோடு மரக்குவியலில்.
"போங்கள். வந்துவிடுகிறேன்."
சிறிதாக மூன்று தடவை கேட்டது.
மறுபடி மூன்று.
பிறகு நீளமாக ஒன்று.
அதற்குப் பிறகு ஆற்றுச் சத்தம் மட்டும்.

அடுத்த வளைவில் லெப்டினன்ட் கடிகாரத்தைப் பார்த்தார்.
"ஆறு மணி வரைக்கும்" என்றார்.

போர் முடிந்த மறுவருஷம்
நஷ்டஈட்டு அலுவலகத்திலிருந்து கடிதம்.
மாவுக்கறையோடு அந்தத் தாள், ஊசி குத்தி.
'கையெழுத்தும் எண்ணிக்கையும் சரிதானா?'

ஒன்பதுதான் வெட்டினோம்.
மீதி இரண்டுக்கு நேரமில்லை.
பதினொன்று சரி என்று எழுதினேன்.
குறிப்பு என்ற கட்டத்தில்
வெகுநேரம் பேனாவை வைத்திருந்துவிட்டு,
ஒரு ரம்பத்தையும் சேர்த்துக்கொள்ளவும் என்று போட்டேன்.