பூஜ்ஜியம் முதல் நான்கு வரை

ஆறு மாதம் கழித்து அதே படிவம்.
கடந்த மாதத்தில் உண்ணும்போது சங்கடம் இருந்ததா?
இல்லவே இல்லை என்றால் பூஜ்ஜியம்.
எப்போதும் என்றால் நான்கு.
பேனாவைச் சங்கிலியில் கட்டியிருக்கிறார்கள்.

போன வருடம் எல்லாமே நான்கு.
என் முன்பற்கள் அதுவரை
ஒன்றையொன்று சந்தித்ததே இல்லை,
இருபத்தொன்பது வருடம்
பேச்சுவார்த்தை நின்றுபோன
மேல்வீடும் கீழ்வீடும் போல.
ஒரு நூலைக்கூட நறுக்காத வாய்.
எந்த விருந்திலும் கத்தி கேட்பேன்,
ரொட்டிக்கும்.

பைசாந்தூ பேருந்து நிலையத்தில்
என் முகத்துக்கு வேலையில்லை.
குரலுக்கு மட்டும் சம்பளம்.
"சால்த்தோ செல்லும் வண்டி, ஏழாவது மேடை."
அந்த ஸகரம் பல்லிடுக்கில் வழுக்கி
ஒலிபெருக்கியில் ஈரமாய் விழும்.
பள்ளிப் பையன்கள் திருப்பிச் சொல்லிச் சிரிப்பார்கள்.
நான் கண்ணாடிக்குப் பின்னால்
அடுத்த வண்டியின் நேரத்தைப் பார்ப்பேன்.

பிறகு அறுத்தார்கள், மேலும் கீழும்.
ஆறு தகடு, இருபத்தாறு திருகு.
கணக்கைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.
ஆறு வாரம் பூசணிக் கஞ்சி, சிரிஞ்சில்.
வீங்கிய முகத்தை நீட்டினால்
என் கைபேசியே
யார் நீ என்றது.

அப்பனின் தாடை அப்படியே, என்பார்கள் உறவில்.
அவர் இறந்த பிறகும் காலையில் பல் துலக்கும்போது
கொஞ்சம் மிச்சமிருந்தார்.
ஏழு மில்லிமீட்டர் பின்னுக்கு நகர்த்தினார்கள்.
அவ்வளவுதான்.
அதற்கு இந்தப் படிவத்தில் கட்டமில்லை.

கீழுதடு இன்னும் மரத்தே கிடக்கிறது.
மாத்தே குடிக்க
சுரைக்குடுவையின் உலோகக் குழலை வைத்தால்
சூடு தெரிவதில்லை.
மறுநாள் கொப்புளம் சொல்கிறது.

வேலைக்குத் திரும்பிய வாரம்
சால்த்தோ தடத்து ஓட்டுநர் எலுத்தேரியோ
சன்னலைத் தட்டினார்.
"பழைய பெண் எங்கே?
அவள் ஸ கேட்டால்தான் எனக்குத் தூக்கம் கலையும்."
நான்தான் என்றேன்.
எங்கே, சொல் பார்ப்போம் என்றார்.
சால்த்தோ, என்றேன், பிசிறில்லாமல்.
தொப்பியைக் கழற்றிக்கொண்டு போனார்,
துக்கம் விசாரித்தவர் போல.

போன வியாழன் நல்ல மழை.
மழை பெய்தால் இந்த ஊரே மாவைப் பொரிக்கும்.
டிக்கெட் கவுன்டர் வில்மார்
சுடச்சுட தோர்த்தா ஃப்ரீத்தா கொண்டுவந்தான்,
பழக்கத்தில் கத்தியும்.
வேண்டாம் என்றேன்.
கடித்தேன்.

கடித்த இடத்தில் ஒரு பிறை.
பிறந்ததிலிருந்து
ஒரு பண்டத்தின் மேல் நான் வைத்த முதல் முத்திரை.
தூக்கிப் பிடித்து அவனுக்குக் காட்டினேன்.
பிறையின் ஓரத்தில் சிவப்பாய் ஒரு பொட்டு.
உதட்டையும் சேர்த்துக் கடித்திருக்கிறேன்.
எனக்குத் தெரியவேயில்லை.

அவன் பதறிக் காகிதம் தேட
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது,
வாய்விட்டு, மைக் அணைக்காமல்.
ஏழு மேடையிலும் ஆட்கள் நிமிர்ந்தார்கள்.
மறைக்கவென்று வலது கை எழுந்தது,
எப்போதும் எழுகிற அதே கை.
பாதி வழியில்
எதற்கு வந்தோம் என்று மறந்தது போல
அங்கேயே நின்றது.

ஒன்பதாம் கேள்வி:
உங்கள் வாயினால் கூச்சம் ஏற்பட்டதுண்டா?

முடிந்ததா என்கிறாள் செவிலி.
இல்லை, இன்னும் அந்தக் கையைத்தான்
பார்த்துக்கொண்டிருக்கிறேன்.