சுழலும் எடை

பீர் ஒலி கடையில் தராசு கிடையாது.
எதிர்ச்சாரிப் பழைய இரும்புக் கடையிலிருந்து
கொக்கித் தராசு ஒன்றைக் கடன் வாங்கி வந்தான் சுருளிவேல்.
காளவாசல் வெயிலில்
ஒவ்வொரு வீலாகத் தொங்கவிட்டு
முள் ஆடி நிற்கும்வரை
மூன்று பேரும் மூச்சை அடக்கினோம்.

கம்பெனி வீல் பத்து அறுநூறு.
வார்த்தது ஒன்பது எண்ணூறு,
அதற்கா இவ்வளவு பளபளப்பு.
வார்த்தபின் விளிம்பை உருட்டி இழுத்தது எட்டு நூறு.
அடித்துச் செய்தது ஆறு தொள்ளாயிரம்.
அதை மட்டும் ஒரு கையில் மாட்டிப் பார்த்தேன்,
வளையல் கடையில் நிற்பவள் மாதிரி.

"அழகுக்காக்கா?"
இல்லை.
எனக்கு வேண்டியது பதினொரு கிலோமீட்டர்.

உசிலம்பட்டி, எழுமலை, எம்.கல்லுப்பட்டி,
வந்த வழியே திரும்பி
எடுத்த ரத்தத்தை நாலு மணி நேரத்துக்குள்
கே.கே.நகர் லேபில் இறக்கியாக வேண்டும்.
இரண்டு கை மாறி வந்த மின்சாரக் கார்.
செக்கானூரணி தாண்டினால்
திரையின் மூலையில் ஒரு ஆமை முளைக்கும்.
முளைத்ததும் ஏசியை அணைப்பேன்.
காற்று இழுக்குமென்று கண்ணாடியையும் இறக்குவதில்லை.
பின்சீட்டுப் பெட்டிக்குள் நாலு டிகிரி,
எனக்கு நாற்பது.

டிக்கியை ஏற்கெனவே காலி செய்தாயிற்று.
ஆறு மாதமாக மாற்றக் கொண்டுபோகாத
செத்த இன்வெர்ட்டர் பேட்டரி கிடந்தது அதில்.
ஒரு பேட்டரி இன்னொன்றைச் சுமந்து திரிந்திருக்கிறது.

"அது உக்காந்திருக்க எடைக்கா.
ஏறுனா ஏறுனதுதேன்.
இது சுத்துற எடை.
ஒவ்வொரு வேகத்தடையிலயும் செத்துச் செத்துப் பொழைக்கணும்."

வேகத்தடைகளை எண்ணியிருக்கிறேன்.
போகையில் முப்பத்தொன்று,
வருகையில் முப்பத்திரண்டு.
அந்த ஒன்று எங்கே என்று இன்னும் பிடிபடவில்லை.
பிரேக் மிதித்தால் கொஞ்சம் பேட்டரிக்குத் திரும்பும்,
கைமாற்றாகக் கொடுத்த பணம் திரும்புகிற லட்சணத்தில்.

சரி, அந்த ஆறு தொள்ளாயிரம், என்றேன்.

பீர் ஒலி அதைக் கவிழ்த்தார்.
ஆரக்காலின் பின்புறத்துத் தூசியைக்
கட்டைவிரலால் துடைத்தார்.
பொடி எழுத்தில் நானூற்றியெண்பது.
"ஒத்த வீலு தாங்குறது அம்புட்டுத்தேன்.
ஒங்க வண்டி வயித்துல பேட்டரியே முன்னூறு கிலோ இருக்கு.
ஆளு, பெட்டி, ஐஸு..."
மீதியைச் சொல்லாமல் உள்ளே போய்
ஒரு வீலை எடுத்துவந்து என் முன் சாய்த்தார்.
விளிம்பில் முடியளவு விரிசல்,
வெளிச்சத்தில் திருப்பினால்தான் தெரிந்தது.
தேனி வண்டி என்றார்.
யார் ஓட்டி வந்தார்கள் என்று சொல்லவில்லை.
நான் கேட்கவும் இல்லை.

எட்டு நூறு.
பின்னால் அறுநூற்றித் தொண்ணூறு என்று இருந்தது.
அகலமான ஆரம், இடைவெளி குறைவு,
இட்லிக் கொப்பரை மூடிபோல ஒரு முகம்.
"காத்துக்கு இந்த மூஞ்சிதேன் பிடிக்கும்" என்றான் சுருளிவேல்,
அதுவரை பேசாதவன்.

நாலுக்கும் சேர்த்து முப்பத்தெட்டாயிரம்.
கரன்ட் மிச்சத்தில் இந்தக் காசு திரும்ப
பத்தொன்பது வருஷம் ஆகும் என்று
போனிலேயே கணக்குப் போட்டான் தம்பி நவநீதன்.
மிச்சம் பிடிக்க அல்லடா, வந்து சேர.
பாதி இன்றைக்கு, பாதி அடுத்த மாதம் என்று
பீர் ஒலி நோட்டில் எழுதிக்கொண்டார்.
நடு ஓட்டைக்கு வளையம் வைத்து
நட்டுகளைக் குறுக்கும் மறுக்குமாக
கிளிக் கேட்கும்வரை இறுக்கினான் பையன்.

மறுநாள் பெட்டியில் இருபத்தாறு குழாய்.
கடைசியாக ஏறியது
எம்.கல்லுப்பட்டி ஒச்சம்மாள், வயது அறுபத்திரண்டு,
நரம்பு கிடைக்காமல் மூன்று முறை குத்தியது.

செக்கானூரணி வந்தது.
ஆமையைத் தேடினேன், இல்லை.
பதினொன்று கேட்டேன், ஏழு கிடைத்திருக்கும்.
நாகமலையின் முதுகு தெரிந்ததும்
ஏசியை ஒன்றில் வைத்தேன்.