வாளியில் பதினொன்று

கழிப்பறைக் கதவைத் தட்டிவிட்டுத்தான் திறப்பேன்.
உள்ளே ஆள் இருக்காது.
பீங்கான் விளிம்புக்கு அடியிலிருந்து
பச்சையாய் ஒன்று, ஈரம் சொட்ட,
என்னை ஏற இறங்கப் பார்க்கும்.
முதலில் அதற்கு ஒரு படம்.
பிறகுதான் என் அவசரம்.

தபால்பெட்டியில் ஒன்று, மின்கட்டண ரசீதின் மேல் குந்தியபடி.
கூரைத்தண்ணீர் இறங்கும் குழாய்க்குள் இன்னொன்று:
மழைக்கு முந்தின நாள் அது கத்தினால்
கையளவு உடம்புக்குக் காளைமாட்டுக் குரல்.
இங்கம் ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன்.
பிள்ளைகள் பெயர்கூடச் சில நாள் குழறும்;
எதன் தொடை மடிப்பு நீலம், எதற்கு ஆரஞ்சு என்று
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

படம் எடுப்பது பெரிய வித்தையில்லை.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
பாம்பு இல்லை என்று நம்பிப் புல்லில் குப்புறப் படுக்க வேண்டும்.
அதன் கண்ணும் என் கண்ணும் ஒரே மட்டத்தில்.
நின்றபடி எடுத்தால் எல்லாமே சாணி உருண்டை.

பக்கத்து வீட்டு எல்வியோ,
கரும்பு வெட்ட வந்த இத்தாலியர் வம்சம்,
இரவில் தேடுவது வேறு.
கரும்பு வண்டைத் தின்னும் என்று கப்பலேற்றிக் கொண்டுவந்த தேரைகள்,
வண்டை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் தின்றவை.
அவருடைய நாய் பியா ஒன்றைக் கவ்விய இரவில்
நுரை தள்ளியது.
மருத்துவர் காரைக் கிளப்புவதற்குள் முடிந்துவிட்டது.
அன்றிலிருந்து கையுறை, வாளி, டார்ச்.
அடிக்க மாட்டார். "அதுவும் உயிர்தானே."
முதலில் குளிர்பெட்டி, அப்புறம் உறைபெட்டி.
ஐஸ்கிரீம் டப்பாவுக்குப் பக்கத்தில்
தூங்குகிற மாதிரியே விறைத்துப்போகும்.

ஜனவரியில் ஒரு காலை
வேலிமேல் பையை வைத்து "பதினொன்று" என்றார்,
மீன் பிடித்து வந்தவர் குரலில்.
எண்ணினேன். சரிதான்.
பத்துக்குத் தோள்மேல் நஞ்சுப் பைகள், கண்ணுக்கு மேல் எலும்பு வரப்பு.
பதினொன்றாவது என் கட்டைவிரல் நீளம்.
தோளில் எதுவும் இல்லை.
கண்களுக்குப் பின்னால் வண்ணத்துப்பூச்சி போல ஒரு கறை.
பின்னங்காலில் குட்டி மண்வெட்டி.

நுணல்.
மாதக்கணக்கில் மண்ணுக்குள் கிடந்து
ஒரு மழைக்காக மேலே வந்தது.
தவளை தன் வாயால் கெடும் என்பது பேச்சு.
இது வாய் திறக்காமல் கெட்டது.
ஒரே ஒரு "ங்க்" போட்டிருந்தால் போதும்,
எல்வியோவே விட்டிருப்பார்:
தேரைக்கு ஓயாத மோட்டார் சத்தம், இப்படி விக்கத் தெரியாது.

உறைபனி உருகுமுன் படம் எடுத்தேன்.
இத்தனை வருஷத்தில் நுணல் தெளிவாக விழுந்தது அதுதான் முதல் தடவை.
நகரவே இல்லை.
ஒரு கணம் சந்தோஷப்பட்டேன், மறைப்பானேன்.

சொல்லாமல் விட்டிருக்கலாம்.
சொன்னேன்.
அவர் கையுறையைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.
"இதுக்கு முன்னால எத்தனை?"
என்னிடம் பதில் இருந்தால்தானே.

இரண்டு வாரம் வாளி கவிழ்ந்தே கிடந்தது.
அதன் மேல் ஒரு தேரை ஏறி உட்கார்ந்திருந்ததை
நானே பார்த்தேன்.

பிறகு என் போனுக்குப் படங்கள் வரத் தொடங்கின.
நள்ளிரவில் ஒரு கையுறை.
அரைமணி கழித்துக் கையுறையும் பாதித் தேரையும்.
"இதுவா?"
தேரைதான், போடுங்கள் வாளியில்.
"இது?"
அது உருளைக்கிழங்கு, எல்வியோ.

நேற்று நல்ல மழை.
அவருடைய தக்காளிப் பாத்திப் பக்கம் "ங்க்".
கொஞ்சம் பொறுத்து, மறுபடி "ங்க்".
ஒரு மணி நேரம் சேற்றில் முழங்காலிட்டு அவர் எடுத்த படம்
முழுக்கக் கறுப்பு;
ஓரத்தில் ஓர் இலை, சாய்வாய் மழைக் கோடுகள்.
"ஆள் தெரியல. ஆனா இங்கதான்" என்று எழுதியிருந்தார்.
பெரிதாக்கிப் பார்த்தேன், மண்தான்.
இன்னும் பெரிதாக்கினேன்,
மண்.
தேதி போட்டேன், இடம் போட்டேன்,
நுணல் என்று பெயரிட்டுச் சேமித்தேன்.