ஐயாயிரம் கழுத்து

ஒரு கழுத்துப்பட்டி வைத்தால் ஒரு ரூபாய் முப்பது காசு.
வாடகை ஆறாயிரத்து ஐந்நூறு.
ஆக, மாதம் ஐயாயிரம் கழுத்து
சென்னியப்பன் வீட்டுக்கு.
அதற்கப்புறம்தான் அரிசி,
அதற்கப்புறம்தான் தன்ஷிகாவின் வேன் பீஸ்.

பிச்சம்பாளையத்தில் லைன்வீடு.
ஒன்பது கதவு, இரண்டு கக்கூஸ்.
கரண்டு யூனிட் ஒன்பது ரூபாய் என்று
மீட்டர்ப் பெட்டிக்கு மேல் சாக்பீஸில் எழுதியிருக்கும்.
நல்ல தண்ணி எட்டு நாளைக்கொருக்கா,
வீட்டுக்கு ஆறு குடம்.
ஆணி அடிக்கக் கூடாது.
நாலு வருஷமாய் எங்கள் காலண்டர்
ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்குகிறது.
காற்றடித்தால் மாதம் புரளும்.

ஆவணியில் வந்து நின்றார்.
"ஏனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க.
வடக்கத்திப் பசங்களுக்கு உட்டா
தலைக்கு ஆயிரத்தைநூறு, எட்டுப் பேரு படுப்பாங்க.
நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க."
போட்டோம்.
கணக்கு அவர் பக்கம்தான் இருந்தது.
எட்டுப் பேர் அதற்குள் எப்படிப் படுப்பார்கள் என்பது மட்டும்
வகுபடவில்லை.

ஞாயிறுதோறும் வண்டி எடுத்துக்கொண்டு போனோம்.
அனுப்பர்பாளையத்தில் எட்டாயிரம்,
அதாவது ஆறாயிரத்து நூற்றைம்பத்து நாலு கழுத்து.
போயம்பாளையத்தில் போக்கியம் மட்டும்தான், ஐந்து லட்சம்.
இன்னொரு இடத்தில் எத்தனை பேர் என்றார்கள்,
சொந்த ஊர் எது என்றார்கள்,
அந்த ஊரில் எந்தப் பக்கம் என்றார்கள்.
இவர் சொன்னார்.
"அடடா, காலைலதான் வேற ஆளுக்குச் சொல்லிட்டமுங்க."
எங்கள் சீமையில்
இல்லை என்பதற்கும் ஒரு 'ங்க' உண்டு.
பூட்டின் மேல் பொட்டு வைத்த மாதிரி.

சரி, எந்த வீடானாலும் முன்பணம் வேண்டுமே என்று
எங்கள் நாற்பதாயிரத்தைக் கேட்டேன்.
சென்னியப்பன் தரையைப் பார்த்தார்.
அது எப்போதோ
எட்டாவது ஒன்பதாவது வீட்டுக்கு சிமெண்ட் சீட்டாகப் போய்விட்டதாம்.
பாங்கியில் வேறு இரண்டு தவணை நிற்கிறதாம்.
"அட்வான்ஸ்லயே கழிச்சுக்குங்க. ஆறு மாசம் இருங்க.
மிச்சம் ஆயிரம் வெள்ளையடிக்கறதுக்கு."

அடுத்த அஞ்சாம் தேதி
கதவு தட்டப்படவில்லை.
சம்பளக் கவர் பீரோமேல் அப்படியே இருந்தது.
எழுந்து எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்,
விருந்தாளி குழந்தை தூங்குகிறதா என்று பார்ப்பதுபோல.

அந்த நாற்பதாயிரம் என் தோடும் அரை வளையலும்.
இப்போது தோட்டுக்குள் குடியிருக்கிறோம் மூன்று பேரும்.
மாதம் பிறந்தால் ஒரு கல் உதிரும்.
மாசியில் வெறுங்காது.

கார்த்திகை மழையில் பக்கத்து அறை பிஸ்வஜித்திடம்
சுத்தியல் வாங்கி வந்தேன்.
முதல் அடியில் சுண்ணாம்பு உதிர்ந்தது,
இரண்டாவதில் என் கட்டைவிரல்.
ஒன்பது கதவும் எட்டிப் பார்த்தன.
ஆறாவது அடியில் நின்றது ஆணி.
காலண்டரை மாட்டினேன். கட்டம் கட்டமாய் நாள்கள்
அசையாமல் இருந்தன.

மறுநாள் மோட்டார் போட வந்தவர்
ஜன்னல் வழியாகப் பார்த்தார்.
வாயைத் திறந்தார், மூடினார்.
சுவர் அவருடையது, அந்த மாதம் எங்களுடையது.
செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்:
"கொஞ்சம் நேரா அடிச்சிருக்கலாமுங்க."