இருபது கிலோவுக்குக் கீழே

ஒரப்பத்துக்கு முன்னால் எடை மேடையில்
பன்னிரண்டு வருஷமாக நான் எழுதுவதெல்லாம் டன்.
கல் ஏற்றிய லாரி, கல் இறக்கிய லாரி,
இரண்டுக்கும் நடுவே உள்ளது கல்.
கழித்தல்தான் என் பிழைப்பு.

போன வெள்ளிக்கிழமை
ஓசூரிலிருந்து அட்டைப்பெட்டியில் வந்தது.
பழக்க தோஷம், இடுப்பை இறுக்கிக் குனிந்து தூக்கினேன்.
பெட்டி எனக்கு முன்னால் எழுந்துவிட
தள்ளாடிப்போய்ச் சுவரில் சாய்ந்தேன்.
"உள்ள ஒண்ணுமில்லையா?" என்றாள் அமராவதி.
"இருக்கு" என்றேன்.
விலையை இன்னும் சொல்லவில்லை.

கார்பன்.
சுண்டினால் இரும்பைப் போல் கணீரென்காது.
காய்ந்த சுரைக்குடுக்கை மாதிரி
டொக்.
மூன்று ராத்திரி எழுந்து வந்து
சுண்டிப் பார்த்தேன்.

ஞாயிறு விடியலில் அணைக்குப் போனோம்.
மிதிப்பதை நிறுத்தினால்
பின்சக்கரத்தில் ஒரு வண்டு விழித்துக்கொள்கிறது.
அதைக் கேட்பதற்காகவே
இறக்கத்தில் காலை அசைக்காமல் கிடந்தேன்.
பெரியமுத்தூர் மாந்தோப்புகள்
பூவின் புளித்த வாசனையோடு இரண்டு பக்கமும் ஓடின.
ரோட்டில் இருக்கும் ஒவ்வொரு பொடிக்கல்லும்
உள்ளங்கைக்குச் சேதி சொன்னது.

தன்வீர் கல்யாணப் படம் எடுக்கிறவன்.
"பெண்ணு கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பட்டும்" என்றான்.
நான் படித்து வைத்திருந்ததைச் சொன்னேன்:
செயின் இருக்கும் பக்கம்தான் முகம்,
பெடல் மூன்று மணியில் நிற்கணும்,
காற்றடிக்கும் மூக்கு இரண்டும் கீழே பார்க்கணும்.
"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க தோத்தாங்க" என்றான்.

ஸ்டாண்டு கிடையாது அதற்கு.
நான் சீட்டைப் பிடித்து நிறுத்தி,
விட்டு, விலகி, அது சாய்வதற்குள்
அவன் அமுக்கணும்.
ஒன்று, இரண்டு, விடு.
ஒன்று, இரண்டு, விடு.
ஒவ்வொரு தடவையும் சாயுமுன்
ஓடிவந்து பிடித்தேன்.
பதினேழாவதில் ஒரு வெள்ளாடு வந்து
டயரை முகர்ந்தது. அது நல்ல படம்.

பால் கேனோடு மொபெட்டை ஓரங்கட்டி
ஒருவர் இறங்கி வந்தார்.
"ஸ்டாண்டு இல்லையா?"
இல்லை.
"கேரியர்?"
இல்லை.
"மட்கார்டு? ஒரு மணியாவது?"
இல்லைங்க.
"அப்ப என்னதான் இருக்கு?"
தூக்கிப் பாருங்க என்றேன்.
இரண்டு விரலால் தூக்கினார்.
சிரிப்பு வந்தது அவருக்கு. மறுபடி தூக்கினார்.
இறக்கி வைக்க மனசில்லாமல் கொஞ்ச நேரம்
குழந்தைக்கு வேடிக்கை காட்டுகிறவர் போல
அணைத் தண்ணீருக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றார்.
தன்வீர் அதையும் எடுத்தான்.

எடுத்த நூற்று நாற்பதில்
நிமிர்ந்து நிற்பவை ஒன்பது.
அந்த ஒன்பதிலும் ஓரத்தில் எங்காவது
என் கை, என் செருப்பு நுனி,
இல்லாவிட்டால் தாவும் என் நிழல்.
"அழிச்சுத் தரவா?" என்றான்.
வேண்டாம் என்றேன்.

நேற்று ராத்திரி ஷிப்டு.
இரண்டு மணிக்கு மேல் லாரி வரத்து ஓய்ந்ததும்
அதை மேடை நடுவில் கொண்டுபோய்
கடப்பைக்கல் துண்டு ஒன்றில் சாய்க்கப் போனேன்.
அப்புறம் கல்லுக்கும் எடை உண்டே என்று
வெளியே நின்று ஒற்றை விரலால் தாங்கிக்கொண்டேன்.
அறுபது டன் தாங்கும் மேடை.
இருபது இருபதாகத்தான் அதற்கு எண்ணத் தெரியும்.
சிவப்பு எழுத்தில் காட்டியது:
பூஜ்யம்.

நான் மட்டும் ஏறி நின்றேன். அறுபது.
அதைக் கையில் தூக்கிக்கொண்டு ஏறினேன். எண்பது.

போனை எடுத்து அந்த எண்பதைப் படம் பிடித்தேன்.
கை கொஞ்சம் ஆடிவிட்டது.
பர்கூர் பக்கமிருந்து ஒரு லாரி
விளக்கைத் தணித்து, ஹாரன் அடிக்காமல்
காத்துக்கொண்டிருந்தது.