நான்காம் பலகை

உப்பு வியாபாரி பாலத்தைக் கடந்துவிட்டான்.
பதினோரு மாத வேலையில்
முதல்முறையாக எனக்கு வயிற்றைக் கலக்கியது.

ஓஸ்ட்ராவாவில் பனி. டிராம் பணிமனையில்
பகல் முழுக்க பிரேக் கட்டைகளை அளந்துவிட்டு
இரவில் நான் எழுதுவது,
கம்பெனி மூடி, மூலநிரல் யாரிடமும் மிஞ்சாத
ஓர் ஆட்டத்துக்குப் புது எலும்புகள்.
படங்கள் பழையவை. வசனங்கள் பழையவை.
நடக்கவைக்கும் எஞ்சின் மட்டும் என்னுடையது.
என்னுடையது என்றால் எல்லோருடையதும்:
எவரும் திறக்கலாம், திருத்தலாம், திட்டலாம்.

பழைய எஞ்சினில் அவன் விழுவான்.
மழை பெய்யும் மூன்றாம் மாலை
நான்காம் பலகையில் கால் வைத்ததும்
கோவேறு கழுதையோடு உள்ளே போய்விடுவான்.
சத்தம்கூட இருக்காது.
பின்னத்தை வெட்டி எறிகிற கணக்கு;
பலகை ஒரு மயிரிழை தாழ்ந்திருக்கும்.
நான் சரியாகக் கூட்டினேன். அவன் பிழைத்தான்.

அக்கரையில் அவனுக்கு ஒரு சொல்லும் எழுதப்படவில்லை.
ஆலைச் சுவரைப் பார்த்து நின்றான்.
இருட்டியது, விடிந்தது, நின்றான்.
கழுதை மட்டும் காதை ஆட்டியது.

தார்த்துவிலிருந்து ஊர்மாஸ் எழுதினான்:
"ட்ரஹோமீரா, ஆற்றின் அடியில் ஒரு சாவி இருக்கிறது.
ஆலையின் சாவி. அவன் மூழ்கினால்தான் கண்ணில் படும்.
அதை யார் அங்கே போட்டது?"

கோப்பைத் திறந்தேன்.
தவறி விழுந்ததல்ல. இடம் அளந்து
யாரோ வைத்திருக்கிறார்.
அவன் விழுவதைப் பார்த்திருக்கிறார்;
வெளியீட்டுக்கு நாலு நாள் இருந்திருக்கலாம்,
தூக்கம் வந்திருக்கலாம்.
பாலத்தைத் தொடாமல்
கதையை ஆற்றுக்குள் இறக்கிவிட்டார்.

அந்தச் சாவி இல்லாமல் ஆலை திறக்காது.
ஆலை திறக்காமல் குளிர்காலம் வராது.

ஆகவே இன்று உட்கார்ந்து
பிழையைப் பிழையில்லாமல் எழுதினேன்.
முதல் சோதனையில் கழுதை மட்டும் விழுந்தது.
அடுத்ததில் அவன் தொப்பி மேலேயே நின்றது.
மூன்றாவதில் போனான்.

பகலில் ஒரு மில்லிமீட்டர் தேய்மானத்துக்கு
முழு வண்டியையே நிறுத்திவைக்கிறவள் நான்.

அந்த வரிக்கு மேலே ஒரு குறிப்பு எழுதினேன்:
‘இதைத் திருத்தாதீர்கள்.’
தேநீர் ஆறும்வரை அதையே பார்த்திருந்துவிட்டு
அழித்தேன். வேறு எழுதினேன்:
‘திருத்துகிறவர், அக்கரையில் அவன் பேச
ஏதாவது எழுதிக் கொடுங்கள்.’